நூலக மேசை: வாசகர் கேள்வி – பதில்

சிறு பொது நூலகங்களில் பணியாற்றுவோரும் தன்னார்வலர்களும் அனுப்பிய கேள்விகளில் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டவை இவை.

எங்கள் நூலகத்தில் சுமார் 6,000 நூல்கள். பணியில் இருப்பது நான் ஒருத்திதான். எக்செல்லில் 1,200 நூல்கள்வரை ஏற்றிவிட்டேன். இப்படியே தொடரலாமா, அல்லது கோஹா என்னும் நூலக மென்பொருளுக்கு மாறிவிடட்டுமா?

புத்தகம் இருக்கிறதா, எந்தத் தட்டில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு மட்டும் என்றால் எக்செல் போதும். இரவல் கொடுப்பது, திரும்ப வாங்குவது, தவணை கடந்தவற்றைக் கண்டுபிடிப்பது எல்லாம் கணினியில் நடக்க வேண்டுமானால் நூலக மென்பொருள் வேண்டும். எதுவானாலும் தரவு ஏற்றுகிற வேலை ஒன்றேதான். ஒரு நூலைக் கையால் ஏற்ற நான்கு நிமிடம் என்று வைத்தால் மீதி 4,800 நூல்களுக்கு 320 மணி நேரம் ஆகும். நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் 160 வேலை நாள்கள். அதனால் மென்பொருளைத் தேடுவதற்கு முன்னால் இருப்பைச் சரிபாருங்கள். கிழிந்தவை, காலாவதியானவை, பதிவேட்டில் மட்டும் இருந்து தட்டில் இல்லாதவை ஆகியவற்றை நீக்குங்கள். ஆயிரம் நூல்கள் குறைந்தால் 66 மணி நேரம் மிச்சம். இந்த வரிசையை மாற்றிச் செய்த நூலகங்களில்தான் பட்டியலில் இருக்கிற நூல் தட்டில் கிடைப்பதில்லை.

இதுவரை ஏற்றிய 1,200 வீண் போகாது. ஆனால் அந்தத் தாளில் மூன்று இடங்களை இன்றே பாருங்கள். முதலாவது ஐ.எஸ்.பி.என். (நூலுக்குரிய பன்னாட்டுத் தர எண்) பத்தி. 13 இலக்க எண்ணைத் தட்டினால் எக்செல் அதை 9.78E+12 என்கிற மாதிரி சுருக்கிக் காட்டும், அப்படியே சி.எஸ்.வி. என்னும் எளிய உரைக்கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும். அந்தப் பத்தியைத் தட்டச்சு தொடங்கும் முன்பே ‘உரை’ வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். இரண்டாவது சேர்க்கை எண், அதாவது நூல் வந்து சேரும்போது நூலகம் அதற்குத் தரும் எண். 00457 என்று ஏற்றியது 457 ஆகச் சுருங்கியிருக்கும். பின்னால் பட்டைக்குறி ஒட்டும்போது இரண்டும் பொருந்தாது. மூன்றாவது, வரிசைப்படுத்துதல். ஒரே ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்தினால் தலைப்பு ஒரு நூலுக்கும் ஆசிரியர் வேறொரு நூலுக்கும் போய்விடும். கோப்பை மூடிவிட்டால் மீட்க வழியில்லை. ஒவ்வொரு வாரமும் தேதியிட்ட பிரதி ஒன்றை வேறொரு வட்டில் போட்டு வையுங்கள்.

பத்திகள் இவை போதும்: சேர்க்கை எண், ஆசிரியர், தலைப்பு, துணைத்தலைப்பு, பதிப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு, பக்கம், ஐ.எஸ்.பி.என்., மொழி, பகுப்பு எண், ஆசிரியர் குறி, விலை. ஒரு கலத்தில் ஒரு செய்திதான் இருக்க வேண்டும். பதிப்பகத்தையும் ஆண்டையும் ஒரே கலத்தில் போட்டால் பிற்பாடு பிரிப்பது பெரும்பாடு.

கோஹா 2000-ஆம் ஆண்டு நியூசிலாந்தின் ஒரு பொது நூலகத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. இலவசம், நிறைவானது. ஆனால் லினக்ஸில் இயங்குவது. நிறுவித் தருவதற்கு மட்டுமல்ல, ஆறு மாதம் கழித்து ஏதாவது நின்றுபோனால் வந்து பார்ப்பதற்கும் ஓர் ஆள் இருந்தால் தாராளமாகப் போகலாம். இல்லையென்றால் விண்டோஸிலும் ஓடக்கூடிய, இந்தோனேசியாவில் உருவான ஸ்லிம்ஸைப் பாருங்கள். ஒற்றை ஆள் நூலகத்துக்கு அதுவே இலகு.

கோஹாதான் என்று முடிவு செய்தால், எக்செல் தாளை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். வெறும் சி.எஸ்.வி. என்று சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். பிறகு மார்க்எடிட் என்னும் இலவச மென்பொருள்வழி, நூலகப் பட்டியல் பதிவுகளுக்கான மார்க் 21 வடிவத்துக்கு மாற்றுங்கள். அதில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு புல எண் உண்டு: ஆசிரியர் 100, தலைப்பு 245, ஐ.எஸ்.பி.என். 020, பகுப்பு எண் 082. படிவிவரம், அதாவது ஒவ்வொரு பிரதியின் விவரம், முழுக்க 952-இல் போகும். அதன் ‘p’ உட்புலம்தான் பட்டைக்குறி எண். 952 இல்லாமல் ஏற்றினால் நூல் பட்டியலில் தெரியும், இரவல் கொடுக்க முடியாது. புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். எக்செல்லில் மூன்று படிக்கு மூன்று வரி இருக்கும். கோஹாவில் ஒரு பதிவின் கீழ் மூன்று 952 இருக்க வேண்டும். முதலில் இருபது நூல்களை மட்டும் ஏற்றி, தேடி, இரவல் கொடுத்து, திரும்ப வாங்கிப் பாருங்கள். ஏற்றியதை ஒட்டுமொத்தமாகத் திரும்பப் பெறும் வசதி கோஹாவில் உண்டு. அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம்.

கோஹா தானே நாள்தோறும் காப்புநகல் எடுக்குமாறு அமைத்திருப்பார்கள். ஆனால் அது அதே கணினிக்குள்தான் கிடக்கும். வட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்து போகும். வெளி வட்டில் ஒரு நகல் அவசியம். காகிதச் சேர்க்கைப் பதிவேட்டை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம்.

‘கௌரி’ என்று தேடினால் ஒன்றும் வருவதில்லை. பட்டியலில் அந்தப் பெயரில் நூல் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மென்பொருள் கோளாறா?

இல்லை, தட்டச்சுக் கோளாறு. ஔகாரக் குறி ‘ௌ’ என்பது ஒரே குறி. அதைத் தட்டத் தெரியாதவர்கள் எகரக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ‘ள’ எழுத்தைத் தட்டிவிடுவார்கள்: கெளரி. திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். மௌனம், பௌத்தம், சௌந்தர்யம், கௌதமன் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

சரிசெய்யப் போகிறவர்கள் அவசரப்பட்டு ‘தெள’ என்பதையெல்லாம் ‘தௌ’ ஆக மாற்றிவிடுவார்கள். அப்போது ‘தெளிவு’ உடைந்துபோகும். ‘வெள’ என்பதை மாற்றினால் வெள்ளமும் வெளியும் வெளிச்சமும் போச்சு. எனவே எழுத்தாக மாற்றாமல் சொல்லாக மாற்றுங்கள்: கெளரி, கெளதம, செளந்தர, மெளன, பெளர்ணமி, பெளத்த, வெளவால் என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக. இருபது, முப்பது சொற்களுக்குள் முடிந்துவிடும்.

இதன் உடன்பிறப்புகள் சில உண்டு. துணைக்காலுக்குப் பதில் ‘ர’ தட்டியிருப்பார்கள். ‘ஸ்ரீ’ என்பதன் முதலெழுத்து ‘ஸ’வாகவும் இருக்கலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வாகவும் இருக்கலாம், நூலகத்துக்கு ஒன்று என்று முடிவு செய்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய தலைப்புகளில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். தலைப்பைக் கையால் மீண்டும் தட்டினால் தேடலில் வந்துவிடுகிறது என்றால் காரணம் அதுதான்.

பாமினி, டாப், டிஸ்கி போன்ற பழைய எழுத்துருக்களில் ஏற்றிய தரவு இருந்தால் அதை யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றியைப் பாமினித் தரவின்மேல் ஓடவிடும்போது தமிழ்ப் பத்திகளை மட்டும் கொடுங்கள். ஆங்கிலத் தலைப்பு கலந்த கலத்தைக் கொடுத்தால் அந்த ஆங்கில எழுத்துகளும் தமிழாகிக் குழம்பும்.

எழுத்து சரியான பிறகும் தேடல் சறுக்கும் இன்னோர் இடம் ஆசிரியர் பெயர். ‘கல்கி’, ‘ரா. கிருஷ்ணமூர்த்தி’, ‘கல்கி கிருஷ்ணமூர்த்தி’ என்று மூன்று விதமாக ஏற்றினால் ஒருவரே மூன்று ஆசிரியர் ஆகிவிடுவார். நூல்களில் பரவலாக அச்சாகும் பெயரை ஏற்று, மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்டுக் குறிப்பு கொடுங்கள். தலைப்பெழுத்து முன்னால் வரக் கூடாது: ‘கிருஷ்ணமூர்த்தி, ரா.’ என்பதே பட்டியல் முறை. முடிவு செய்த பெயர்களை ஒரு நோட்டில் எழுதி மேசையில் வையுங்கள். அடுத்து வருபவர் தம் விருப்பத்துக்கு ஏற்றாமல் இருக்க அது ஒன்றே தடுப்பு.

ட்யூயி தசமப் பகுப்பு முறைப்படி அடுக்கினால் பாதி நூலகம் 894.8113 என்ற ஒரே எண்ணில் நிற்கிறது. என்ன செய்வது?

894.811 தமிழ் இலக்கியம். அதோடு 1 சேர்ந்தால் கவிதை, 2 நாடகம், 3 புனைகதை. தமிழ் நூல்கள் அதிகமுள்ள எந்த நூலகத்திலும் புனைகதை இப்படித்தான் குவியும். தசமத்துக்குப் பின்னால் இன்னும் எண்களை நீட்டுவது தீர்வல்ல. வாசகருக்கும் புரியாது, அடுக்குபவருக்கும் தவறும். எண்ணுக்குக் கீழே ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைப் போடுங்கள். இருவர் மோதினால் நான்கு. அதற்குக் கீழே தலைப்பின் முதலெழுத்து.

கணினி தரும் வரிசையை அப்படியே நம்பித் தட்டில் அடுக்காதீர்கள். யூனிகோடு அட்டவணையில் ‘ஜ’ வருவது ‘ச’வுக்கு அடுத்து, ‘ன’ வருவது ‘ந’வுக்கு அடுத்து, ‘ற’ வருவது ‘ர’வுக்கு அடுத்து. நெடுங்கணக்கு வரிசையில் ற, ன இரண்டும் கடைசியில். மென்பொருளில் தமிழ் வரிசைமுறையைத் தேர்ந்தெடுக்க இடமிருந்தால் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தட்டின் ஓரத்தில் எழுத்து வரிசையை ஒட்டிவைப்பதே சுருக்கமான வழி.

இந்த எண்ணும் எழுத்தும் எழுதிய சீட்டை எல்லா நூல்களிலும் முதுகின் அடியிலிருந்து ஒரே உயரத்தில், 3 செ.மீ. அளவில், ஒட்டுங்கள். மெலிந்த நூல்களுக்கு முன்னட்டையின் இடது கீழ்மூலை.

அலமாரியில் ராமபாணப் பூச்சி. நாப்தலின் உருண்டை போட்டும் போகவில்லை.

போகாது. நாப்தலின் பூச்சியைக் கொல்வதைவிட மனிதருக்குத் தொல்லை தருவதில்தான் வல்லது. மூடிய அறையில் நாள்முழுக்க அந்த ஆவியைச் சுவாசிப்பவர் நீங்கள்தான். ஜி6பிடி என்னும் நொதி குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அது இரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடியது. குழந்தைகள் வரும் நூலகத்தில் அதை வைக்கவே கூடாது.

ராமபாணத்துக்கு வேண்டியது ஈரமும் மாவுப்பசையும் இருட்டும். அவற்றைக் குறைப்பதுதான் வைத்தியம். ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சையும் பிடிக்கும். ஈரமானி ஒன்றை வாங்கி நடுத்தட்டில் வைத்து, காலையும் மாலையும் எழுதுங்கள். அலமாரி சுவரை ஒட்டி நிற்கக் கூடாது. வெளிச்சுவராக இருந்தால் ஐந்து செ.மீ. இடைவெளியாவது விட வேண்டும். கீழ்த்தட்டு தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். நன்கொடையாக வரும் பெட்டிகளை நேரே உள்ளே கொண்டுபோகாமல் தனி இடத்தில் பிரித்து, ஒவ்வொரு நூலின் முதுகையும் உட்புறத் தையலையும் பார்த்த பிறகே சேருங்கள். பூச்சி நூலகத்துக்குள் வருகிற பெருவழி அதுதான்.

ஏற்கெனவே பூச்சி பிடித்த நூல்களைப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, ஒட்டி, உறைவிப்பானில் வைக்கலாம். மைனஸ் 20 பாகை செல்சியஸில் ஒரு வாரம். வீட்டு உறைவிப்பான் என்றால் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே கிடந்து அறைச்சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். முன்னாடியே பிரித்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் நீராகப் படியும். பூச்சி போய் பூஞ்சை வரும்.

நூலுக்கடியில் மாவு போன்ற தூள் புதிதாகக் குவிந்தால் அது துளைவண்டு. தூளைத் துடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். மீண்டும் இருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. சுவரில் மண்குழாய் தெரிந்தால் கறையான். அதைத் தட்டிவிட்டு மருந்தடிப்பதால் பயனில்லை. அது வரும் வழி தரைக்கடியில் இருப்பதால் கட்டட அடித்தளத்துக்கே சிகிச்சை செய்ய வேண்டும். அது வல்லுநர் வேலை. அதுவரை அந்தச் சுவரிலிருந்து அலமாரியை நகர்த்துங்கள்.

கூரை ஒழுகி நூறு நூல்கள்வரை நனைந்துவிட்டன. வெயிலில் காயவைக்கலாமா?

வேண்டாம். வெயிலில் அட்டை முறுக்கிக்கொள்ளும், தாள் நொறுங்கும். உங்களுக்கு இருப்பது 48 மணி நேரம்; அதற்குப் பிறகு பூஞ்சை கிளம்பும். மூன்றாகப் பிரியுங்கள்: ஓரம் மட்டும் நனைந்தவை, முழுக்க ஊறியவை, பளபளப்பான ஆர்ட் தாள் நூல்கள்.

ஓரம் நனைந்தவற்றை விசிறிபோல விரித்து நிறுத்தி, மின்விசிறியை நூலை நோக்கித் திருப்பாமல் அறையில் காற்று ஓடும்படி வையுங்கள். ஊறியவற்றை விரிக்காதீர்கள், தாள் பிய்ந்துவிடும். அவற்றை உறிஞ்சுதாளின்மேல் நிறுத்தி நீர் வடிந்த பிறகு, இருபது பக்கத்துக்கு ஒன்றாக அச்சில்லாத உறிஞ்சுதாளைச் செருகி, சில மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆர்ட் தாளுக்குத்தான் முதல் அவசரம். ஈரத்தோடு ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் தாள் செருக முடியாவிட்டால் உடனே உறைவிப்பானில் போடுங்கள். பிறகு சிறிது சிறிதாக எடுத்துக் காயவைக்கலாம்.

கடையில் மீண்டும் கிடைக்கும் நூலுக்கு இத்தனை பாடுபட வேண்டாம். நீக்கிவிட்டுப் புதிது வாங்குவதே மலிவு.

கிழிந்த பக்கத்தை ஒட்ட செல்லோடேப் தவிர வேறு என்ன இருக்கிறது?

செல்லோடேப் சில ஆண்டுகளில் பழுத்து உதிரும். அதன் பசை தாளுக்குள் இறங்கி எழுத்தையே மறைக்கும். சாதாரண இரவல் நூலுக்கு, நூலகப் பயன்பாட்டுக்கென்றே வரும் அமிலமற்ற பழுதுநாடா பரவாயில்லை. காக்க வேண்டிய நூலென்றால் மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாப்பசையும்தான். அந்தத் தாளைக் கத்தரிக்காமல் ஈரக்கோடு போட்டுக் கையால் கிழித்தால் ஓரம் நாராகப் பிரியும். அந்த நார்தான் பிடிமானம். கிழிசலைவிட இருபுறமும் மூன்று, நான்கு மி.மீ. அகலம். பசை மெலிதாக இருக்கட்டும். மேலும் கீழும் மெழுகுத்தாள் வைத்து, கனமான ஒன்றை ஏற்றி, இரவு முழுக்க விடுங்கள்.

உள்தொகுப்பு அட்டையிலிருந்து ஆடும் நூல்களுக்கு வேறு வைத்தியம். பின்னல் ஊசியை வெள்ளைப் பசையில் தோய்த்து, அட்டைக்கும் உள்தொகுப்புக்கும் இடையே மேலிருந்து செருகி, சுழற்றியபடியே வெளியே எடுங்கள். கீழ்ப்பக்கமிருந்தும் அப்படியே. மூட்டுக்குள் மெழுகுத்தாளை வைத்து மூடி, கனம் ஏற்றுங்கள். பத்து நிமிட வேலை. பைண்டிங்குக்கு அனுப்பத் தேவையிருக்காது. அரிய நூல்களில் மட்டும் இந்த வெள்ளைப் பசையைத் தொடாதீர்கள். காய்ந்தால் திரும்ப எடுக்க முடியாது.

பழைய நூல்களை நீக்கினால் வாசகர்கள் சண்டைக்கு வருகிறார்கள். எதை நீக்கலாம் என்பதற்கு விதி உண்டா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில நூலகம் வெளியிட்டுள்ள ‘க்ரூ’ என்ற கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கணினி நூல் வெளிவந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தால் பரிசீலிக்கலாம். மருத்துவ நூல் ஐந்து ஆண்டு கடந்து, மூன்று ஆண்டாக யாரும் எடுக்காமலிருந்தால் பரிசீலிக்கலாம் என்பதுபோல ஒவ்வொரு துறைக்கும் அளவு சொல்கிறது. மருந்தும் சட்டமும் வரியும் பழசானால் வாசகருக்குத் தீங்கு. அவற்றில் தயவு காட்டாதீர்கள்.

ஆனால் அந்த அளவுகளை அப்படியே தமிழ் நூல்களுக்குப் பொருத்த முடியாது. ஆங்கிலத்தில் பழையதை எடுத்த இடத்தில் புதிது வரும். தமிழில் ஒரு துறைக்கு ஒரே நூல்தான் இருக்கும். வட்டார வரலாறு, பள்ளி ஆண்டுமலர், கோயில் மலர், சிற்றிதழ்த் தொகுப்பு, மறுபதிப்பு காணாத நூல் ஆகியவற்றை எத்தனை ஆண்டு யாரும் தொடாவிட்டாலும் நீக்க வேண்டாம். தட்டில் இடமில்லையென்றால் கட்டித் தனியே வையுங்கள்.

சண்டையைத் தவிர்க்க முறையாகச் செய்யுங்கள். பட்டியல் எழுதி, காரணம் ஒரு சொல்லில் குறித்து, பொறுப்புள்ள குழுவிடம் கையெழுத்து வாங்கிய பிறகே நூலைத் தொடுங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் சிவப்பு மையில் நீக்க நாளும் ஆணை எண்ணும். நூலின் முத்திரைமேல் ‘நீக்கப்பட்டது’ என்ற முத்திரை. அதை விட்டுவிட்டால் நல்ல உள்ளம் படைத்த யாராவது பழைய கடையிலிருந்து மீட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். நீக்கிய நூலின் சேர்க்கை எண்ணை வேறு நூலுக்குக் கொடுக்கவே கூடாது.

வாங்கப் பணமில்லை. சட்டச் சிக்கலில்லாமல் தமிழில் என்ன கிடைக்கும்?

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியத்துக்கு. 2005-இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும். தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்பு பார்த்த நூல்கள் கிடைக்கின்றன. குழந்தைகளுக்கு ஸ்டோரிவீவர் தளம், அதிலுள்ள கதைகள் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வருவதால், ஆசிரியர், ஓவியர் பெயரைக் குறிப்பிட்டு அச்சடித்துத் தைத்துத் தட்டிலேயே வைக்கலாம். குழந்தைகள் பிரிவு வறண்டு கிடக்கும் நூலகத்துக்கு முதலில் இதைத்தான் சொல்வோம்.

இணைய இணைப்பு இல்லாவிட்டால் கிவிக்ஸ் மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவை ஒருமுறை இறக்கி இணைப்பின்றியே படிக்கவைக்கலாம்.

ஆசிரியர் இறந்த பின் பதிப்புரிமை நீடிக்கும் காலம் நாட்டுக்கு நாடு வேறு: இந்தியாவில் 60 ஆண்டு, இலங்கை, சிங்கப்பூர், கனடாவில் 70, மலேசியாவில் 50. ஒரு தளத்தில் இருக்கிறது என்பதற்காக உங்கள் நாட்டில் அச்சடிக்கலாம் என்று ஆகாது.

பணியாளர் பயிற்சிக்கு ஓ.சி.எல்.சி. என்னும் நூலகக் கூட்டமைப்பு நடத்தும் வெப்ஜங்ஷன் தளத்தில் இலவசப் பாடங்கள் உள்ளன, ஆங்கிலத்தில். நிதி கேட்டு மனு எழுதுவோர் யுனெஸ்கோவும் நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான இஃப்லாவும் 2022-இல் திருத்தி வெளியிட்ட பொது நூலக அறிக்கையைக் கையில் வைத்திருங்கள். பொது நூலகச் சேவை அடிப்படையில் கட்டணமற்றதாக இருக்க வேண்டும் என்ற வரி அதில் இருக்கிறது. கட்டணம் வைக்கச் சொல்லும் கூட்டங்களில் உதவும்.

சிறு கேள்விகள்

*ஆர்.எஃப்.ஐ.டி. (ரேடியோ அலையால் அடையாளம் காட்டும் சில்லு) பொருத்தலாமா?* 6,000 நூல்களுக்குத் தேவையில்லை. பட்டைக்குறி போதும். சீட்டை உட்பக்கம் ஒட்டாமல் பின்னட்டையின் மேல்மூலையில் ஒட்டினால், நூலைத் திறக்காமலே இருப்பு சரிபார்க்கலாம்.

*ஓர் உறுப்பினர் என்னென்ன நூல்கள் எடுத்தார் என்று அவருடைய உறவினர் வந்து கேட்கிறார். சொல்லலாமா?* சொல்லக் கூடாது. எடுத்தவருக்கு மட்டுமே அந்த விவரம். இரவல் பேரேட்டை மேசைமேல் விரித்து வைப்பதும் அதைச் சொல்வதற்குச் சமம்தான். கோஹாவில் நூல் திரும்பியதும் இரவல் வரலாற்றிலிருந்து பெயரை நீக்கும் அமைப்பு உண்டு; இயக்கி வைத்துவிடுங்கள். ஆனால் நூலைப் பிரித்துப் பக்கங்களைப் பார்த்த பிறகே ‘திரும்பியது’ என்று பதியுங்கள். பக்கம் கிழித்தவர் யார் என்று பிறகு தேடினால் கிடைக்காது.